வெங்காயச் சாகுபடியில் எருவும் களையும்: உண்போர் நலத்தையும் கருதி

நமது விருதுநகர் மாவட்டத்தில் வெங்காயச் சாகுபடி என்று சொன்னால் அது பெரும்பாலும் சின்ன வெங்காயத்தையே குறிக்கும். பல்லாரி நமக்குக் கடையில் வாங்கும் பண்டம். சின்ன வெங்காயமோ நாமே விளைவித்துக் கொள்ளும் பயிர். பருத்தியையும் மக்காச்சோளத்தையும் வானத்தை நம்பி விதைக்கும் குடியானவர், கிணற்றடியில் இருக்கும் அரை ஏக்கரிலோ ஓர் ஏக்கரிலோ வெங்காயம் ஊன்றுகிறார். ஏறத்தாழ 70 நாட்களில் கைக்குப் பணம் வரும் பயிர் அது. விலை நின்றால் ஓராண்டுக் கடன் தீரும். விலை விழுந்தால் விதை வெங்காயம் வாங்கிய பணமும் திரும்பாது. ஏக்கருக்கு 600 கிலோ விதை வெங்காயம் தேவைப்படும் இப்பயிரில், நட்ட அன்றே பெரும் பணம் மண்ணுக்குள் போய்விடுகிறது. அதனால்தான் பயிர் சற்று வாடினாலும், களை சற்றுத் தலைகாட்டினாலும், விவசாயியின் மனம் பதறுகிறது. பதற்றத்தில் கை யூரியா மூட்டையையோ மருந்துப் புட்டியையோ நாடுகிறது.

இக்கட்டுரையில் வெங்காயத்துக்கு எரு இடுவதையும் களை நீக்குவதையும் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறோம். அவற்றை உண்போர் நலத்தோடு சேர்த்தே கூறுகிறோம். அதற்குக் காரணம் உண்டு. கத்தரியும் அவரையும் அடுப்பில் வெந்த பிறகே இலைக்கு வருகின்றன. சின்ன வெங்காயத்தை நாம் கம்மங்கூழுக்கும் பழைய சோற்றுக்கும் பச்சையாகவே கடித்துக் கொள்கிறோம். மண்ணுக்குள்ளேயே விளைந்து, மண் ஒட்டியபடியே வீட்டுக்கு வந்து, வேகாமலே வாய்க்குள் போகும் காய் இது. வயலில் நாம் இடுவது எதுவோ அதுவே ஒருவாறு நம் தட்டுக்கும் வருகிறது. அதை முதலில் உண்பவர் நகரத்தார் அல்லர். விளைவித்தவரின் மனைவி மக்களே.

எரு இடும் கணக்கு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சின்ன வெங்காயத்துக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழு எருவும், அடியுரமாகத் தழைச்சத்து 30 கிலோ, மணிச்சத்து 60 கிலோ, சாம்பல் சத்து 30 கிலோவும், நட்ட 30-ஆம் நாளில் மேலுரமாகத் தழைச்சத்து 30 கிலோவும் பரிந்துரைத்துள்ளது. இவற்றுடன் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய நுண்ணுயிர் எருக்கள் ஒவ்வொன்றும் 2 கிலோ.

ஹெக்டேர்க் கணக்கு நம் விவசாயிகளுக்குக் கைவராது. ஏக்கருக்கு மாற்றிச் சொல்வோம். அடியுரத்துக்குத் தழைச்சத்து 12 கிலோ, மணிச்சத்து 24 கிலோ, சாம்பல் சத்து 12 கிலோ. இதைக் கடையில் கிடைக்கும் எருவாகக் கணக்கிட்டால், யூரியா 26 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை மூன்று, பொட்டாஷ் 20 கிலோ ஆகும். 30-ஆம் நாளில் இன்னும் 26 கிலோ யூரியா. ஆக, பயிர்க்காலம் முழுவதற்கும் ஏக்கருக்கு 52 கிலோ யூரியாதான். இப்போது வரும் யூரியா மூட்டை 45 கிலோ எடையுள்ளது. ஒரு மூட்டைக்குச் சற்றே மேல் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நடைமுறையில் நாம் காண்பது வேறு. சூப்பர் பாஸ்பேட் மூன்று மூட்டை சுமப்பதற்குப் பதில் ஒரு மூட்டை டி.ஏ.பி. வாங்கிவிடுகிறார்கள். மணிச்சத்தைப் பொறுத்தவரை அது சரியே; ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் 23 கிலோ மணிச்சத்து உண்டு. ஆனால் அதே மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் இருக்கிறது என்பதைப் பலர் கணக்கில் கொள்வதில்லை. அடியுரத்துக்கு இன்னும் 3 கிலோ தழைச்சத்து, அதாவது 6 அல்லது 7 கிலோ யூரியா சேர்த்தாலே நிறைவு. அதற்கு மாறாக முழு மூட்டை யூரியாவையும் கலந்து வீசினால் தழைச்சத்து 30 கிலோ அளவுக்கு ஏறிவிடுகிறது. வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு!

மிகுந்த தழைச்சத்தால் விளைவது என்ன? தாள் கரும்பச்சையாக ஓங்கி வளரும். பார்ப்பவர் 'பயிர் செழிப்பாக இருக்கிறது' என்று புகழ்வார்கள். புகழ்ச்சி தாளுக்கு, காய்க்கு அன்று. இளந்தாளை நாடி இலைப்பேன் வரும். கழுத்துத் தடித்த காய் சரிவரக் காயாது. பட்டறையில் போட்ட சில வாரங்களில் கழுத்து வழியே அழுகல் இறங்கும். இலைப்பேனுக்காக ஒரு மருந்து, தாள் கருகலுக்காக இன்னொரு மருந்து என்று தெளிப்பு கூடும். எனவே, தேவைக்கு மேல் இட்ட யூரியா எருவுக்கான செலவோடு நிற்பதில்லை. மருந்துச் செலவையும் உடன் அழைத்து வருகிறது. உண்போர் நலத்தின் முதற்படி மருந்துக் கடையில் இல்லை, எருக் கணக்கில்தான் இருக்கிறது என்பது நமது கருத்து.

30-ஆம் நாள் மேலுரத்துக்குப் பின் யூரியாவைத் தொடவேண்டியதில்லை. 50-ஆம் நாளில் தாள் வெளிறியதென்று ஒரு கை யூரியா வீசுவது, காய் முற்ற வேண்டிய வேளையில் பயிரை மறுபடியும் தழைக்கச் செய்வதாகும்.

சூப்பர் பாஸ்பேட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அதில் மணிச்சத்தோடு நூற்றுக்கு 11 பங்கு அளவில் கந்தகமும் உண்டு. மூன்று மூட்டையில் ஏறத்தாழ 16 கிலோ கந்தகம் நிலத்துக்குச் சேர்கிறது. டி.ஏ.பி.யில் அது இல்லை. சிவகாசிப் பக்கத்தாருக்குக் கந்தகத்தை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை; ஆனால் அது வெங்காயத்துக்கும் உணவு என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெங்காயத்தை நறுக்கும்போது கண்ணில் நீர் வரச் செய்வதும், நாவில் காரமாக இருப்பதும் கந்தகம் சேர்ந்த பொருள்களே. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து விடாலியா என்னும் ஊரைச் சுற்றிக் கந்தகம் குறைந்த மண்ணில் விளையும் வெங்காயம் காரமின்றி இனிப்பாக இருப்பதற்கே பெயர் பெற்றது. அங்கே அது சிறப்பு. நம் சந்தையிலோ காரமில்லாத சின்ன வெங்காயத்தை எவரும் சீந்தார். நம் பாட்டனார் காலத்தில் அம்மோனியம் சல்பேட் இட்டபோது கந்தகம் கேளாமலே வந்து சேர்ந்தது. யூரியாவும் டி.ஏ.பி.யும் வந்தபின் அது நின்றது. டி.ஏ.பி.யை விட இயலாதவர் மண் பரிசோதனையின் முடிவைக் கொண்டு ஜிப்சம் இடலாம். மண் பரிசோதனை செய்யாமல் நாம் மேலே சொன்ன எந்த அளவும் பொதுக் கணக்கே என்பதை நினைவில் வைக்கவேண்டும். கரிசலின் இயல்பு வேறு, செவலின் இயல்பு வேறு. அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்திலுள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தாரை அணுகினால் நம் மண்ணுக்கேற்ற யோசனை கிடைக்கும்.

தொழு எருவும் கிடையும்

ஏக்கருக்கு 10 டன் தொழு எரு என்பது மாடுகள் குறைந்துவிட்ட இந்நாளில் பலருக்கு எட்டாத அளவு. அதற்கு ஈடாக நம் பக்கத்தில் ஆட்டுக்கிடை போடும் வழக்கம் இருப்பது நற்பேறு. கிடை போட்ட கரிசலின் விளைச்சலைப் பற்றி நாம் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றுமில்லை. எப்போது போடுவது என்பதுதான் கேள்வி.

மட்காத சாணத்திலும் புழுக்கையிலும் வயிற்றுப்போக்கையும் குடற்காய்ச்சலையும் உண்டாக்கும் நுண்கிருமிகள் இருக்கக்கூடும். வேகவைத்து உண்ணும் காய்க்கு இது பெரிய இடரன்று. பச்சையாக உண்ணும் வெங்காயத்துக்கு இடரே. அமெரிக்க நாட்டின் இயற்கை வேளாண்மை விதிகளில், மண்ணோடு படும் விளைபொருளுக்கு மட்காத சாணம் இட்டதிலிருந்து அறுவடை வரை 120 நாள் இடைவெளி இருக்கவேண்டுமென்று கண்டிருக்கிறது. நம் சின்ன வெங்காயம் 70 நாள் பயிர். 120-இல் 70 போக மீதி 50. ஆகவே நடவுக்கு 50 நாட்களுக்கு முன்பாவது கிடை முடிந்துவிட வேண்டும். புரட்டாசிக் கடைசியில் ஊன்றுகிறவர் ஆடி மாதத்திலேயே கிடையைக் கிளப்பிவிட்டால் கணக்கு சரியாகும். குப்பைக்குழி எருவாயின் நன்கு மட்கி, சூடு தணிந்து, சாண வாடை போய், மண் வாசம் வந்தபின் இடவேண்டும்.

கிடைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆடுகளின் புழுக்கையில் அதன் விதை சாகாமல் வந்து விழுந்து முளைக்கிறது. முன்கூட்டியே கிடை போட்டு, ஒரு மழையிலோ ஒரு தண்ணீரிலோ முளைக்கவிட்டு உழுதுவிட்டால் இத்தொல்லையும் தீரும்.

மனிதக் கழிவு கலந்த சாக்கடை நீரை வெங்காயத்துக்குப் பாய்ச்சுவது எக்காரணத்தாலும் தகாது. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் உணவு விடுதியில் உண்டவர்களில் 500-க்கு மேற்பட்டோர் மஞ்சட்காமாலை நோயுற்றனர், மூவர் இறந்தனர். ஆராய்ந்து பார்த்ததில், மெக்சிகோவிலிருந்து வந்து பச்சையாகப் பரிமாறப்பட்ட வெங்காயத்தாளே காரணம் என்று தெரிந்தது. 2020-இல் அதே நாட்டில் சிவப்பு வெங்காயத்தால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சால்மொனெல்லாக் கிருமியின் நோய்க்கு ஆளாயினர். அவ்வளவு வளம் படைத்த நாட்டிலேயே வெங்காயத்தின் வழியே நோய் பரவியிருக்கிறது என்றால், நம் வயலோரத்துக் கழிப்பிட வசதியும் கை கழுவும் தண்ணீரும் விவசாயத்துக்குப் புறம்பானவை என்று எப்படிக் கருதமுடியும்?

களையும் கூலியும்

வெங்காயம் களையோடு போட்டியிடத் தெரியாத பயிர். பருத்தியோ பயறோ இலை விரித்து நிலத்தை மூடிவிடும். நிழலில் களை ஒடுங்கும். வெங்காயத்தின் தாள் குழல்போல் நிமிர்ந்து நிற்பது. நிலத்துக்கு நிழல் தராது. வேரும் ஆழப் போகாமல் மேல்மண்ணிலேயே பரவுகிறது. களையின் வேரும் அங்கேயே. நாம் இட்ட யூரியாவையும் பாய்ச்சிய தண்ணீரையும் முதலில் உண்பது களைதான். நட்டதிலிருந்து 45 நாள் வரை நிலம் சுத்தமாக இருந்தால் அப்புறம் முளைக்கும் களையால் அதிக நட்டமில்லை. அந்த 45 நாளைத் தவறவிட்டவர் பிறகு எத்தனை ஆள் விட்டாலும் இழந்த காயின் பருமன் திரும்பாது. முற்றிய களையைப் பிடுங்கும்போது வெங்காயமும் உடன் பெயர்ந்து வருவதை யாவரும் கண்டிருப்பர்.

சாரணையும் தொய்யக்கீரையும் பருப்புக்கீரையும் மழை பெய்த ஒரு வாரத்தில் பாரெங்கும் விரிந்துவிடுகின்றன. குப்பைமேனியும் பார்த்தீனியமும் அடுத்து வருகின்றன. கோரையும் அருகும் என்றும் இருப்பவை.

20 முதல் 25 நாளுக்குள் ஒரு களையெடுப்பும், 40 முதல் 45 நாளுக்குள் ஒரு களையெடுப்பும் என்பது பழைய ஒழுங்கு. இதைவிடச் சிறந்த முறை இன்றும் இல்லை என்றே கூறலாம். களைக்கொத்தால் கிளறும்போது மண்ணும் பொலபொலப்பாகிறது. காய் பெருக்க இடம் கிடைக்கிறது. ஆனால் ஆள் எங்கே? ஒரு கிராம சபையில் நாம் களையெடுப்பின் மேன்மையை விளக்கி முடித்ததும், முதிர்ந்த விவசாயி ஒருவர் எழுந்து, "ஐயா சொல்றது அத்தனையும் சரிதான். காலையில எங்க ஊருக்கு வேன் வருது. ஏறிப் போனா நிழல்ல உக்காந்து வேலை, வாரம் தவறாம கூலி. என் காட்டுக்கு எவ வருவா?" என்று கேட்டார். சபை சிரித்தது. கேள்வி சிரிப்புக்குரியதன்று. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுத் தொழிலுக்கும் கைகள் தேவைப்படும் இம்மாவட்டத்தில், தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தொழிற்சாலை வேலை உச்சத்தில் இருக்கும்போதே புரட்டாசி நடவின் முதற்களையும் வருகிறது. பெண்கள் அதிகக் கூலியை நாடிச் செல்வதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆகவே களையெடுக்கும் வேலையைக் குறைக்கும் வழிகளைத்தான் நாம் தேடவேண்டும்.

முதல் வழி செலவில்லாதது. பார் பிடித்தவுடன் நடாமல், ஒரு தண்ணீர் பாய்ச்சி 10 நாள் பொறுக்கவேண்டும். விழுந்து கிடக்கும் விதைகள் முளைத்துவிடும். அவற்றை இளம்பருவத்திலேயே மேலாகக் கொத்திச் சாய்த்துவிட்டு, மண்ணை ஆழக் கிளறாமல் நடவேண்டும். ஆழக் கிளறினால் அடியிலுள்ள விதை மேலே வந்து பட்ட பாடு வீணாகும். இம்முறையால் முதற்களையின் சுமை பெரிதும் குறையும். கோரைக் கிழங்குக்கு இது போதாது. சித்திரை வெயிலில் ஆழ உழுது, கிழங்கைப் புரட்டிக் காயவிடுவதே அதற்கு ஏற்றது. கோரை நிறைந்த நிலத்தில் வெங்காயம் ஊன்றாமல் அப்பருவத்தில் வேறு பயிர் வைப்பது இன்னும் நல்லது.

களைக்கொல்லி

இத்தனைக்கும் பிறகு ஆள் கிடைக்காதபோது களைக்கொல்லியை நாடுவதை நாம் தவறென்று சொல்லவில்லை. எதை, எப்போது, எப்படி என்பதில்தான் தவறு நேர்கிறது.

வெங்காயத்துக்கென்று பதிவு பெற்ற களைக்கொல்லிகள் உள்ளன. களை முளைக்குமுன் தெளிப்பதற்கு ஆக்சிபுளோர்பென் அவற்றுள் ஒன்று. நட்டுத் தண்ணீர் பாய்ச்சிய 3 நாட்களுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, சீராகத் தெளிக்கவேண்டும். அது மண்ணின் மேல் மெல்லிய திரைபோல் படிந்து, முளைத்து வரும் களையைக் கருக்குகிறது. தெளித்த பாத்தியில் நடந்து மிதித்தாலோ கொத்தினாலோ திரை கிழிந்துவிடும். ஆகவே பின்னோக்கி நடந்தபடியே தெளிக்கவேண்டும். கரிசல் காய்ந்து வெடிப்பு விட்டாலும் அதே நிலைதான். ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோரைக்கு இது பயன்படாது. முளைத்துவிட்ட புல்லினக் களைகளுக்குக் குயிசலோபாப் எத்தில் உண்டு. அது சாரணை போன்ற அகன்ற இலைக் களையைக் கொல்லாது. எந்த மருந்துக்கும் அளவு அதன் லேபிளிலும் உடன் வரும் தமிழ்த் துண்டுத்தாளிலும் அச்சிட்டிருக்கும். ஒரே பெயருள்ள மருந்து வெவ்வேறு வீரியத்தில் விற்பதால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்ன மூடிக் கணக்கை நம்பலாகாது. களைக்கொல்லி தெளித்தாலும் 40-ஆம் நாளுக்கு மேல் ஒரு கைக்களை தேவைப்படும். இரண்டு ஒன்றாகக் குறைவதே இதன் இலாபம்.

பிற பயிருக்கு வாங்கி மீந்ததை வெங்காயத்தில் பரிசோதிப்பவர்களும் உண்டு. மக்காச்சோளத்துக்கு இடும் அட்ரசின் நிலத்தில் நெடுநாள் தங்கி, அடுத்து வரும் வெங்காயத்தைக் கருக்கவல்லது. மக்காச்சோளத்தை அடுத்து வெங்காயம் வைக்க எண்ணுபவர் முன்பருவத்திலேயே இதைச் சிந்திக்கவேண்டும். 2,4-டி என்னும் மருந்தின் ஆவியும் தூறலும் காற்றில் சென்று பருத்தியின் இலையைக் கைவிரல்போல் சுருட்டிவிடும். நம் தோட்டத்து வரப்பில் அடித்தது அடுத்தவர் பருத்திக்கு எமனாகி, பஞ்சாயத்தார் முன் வழக்காவது உண்டு. கிளைபோசேட்டோ பச்சையெல்லாவற்றையும் கொல்வது; நிற்கும் வெங்காயத்தில் அதற்கு இடமில்லை. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலமன்றி அதைப் பயன்படுத்தலாகாது என்று மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கையும் வெளியிட்டது. களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளவேண்டும். கழுவினால் போதும் என்று எண்ணி அதே தெளிப்பானில் பூச்சிமருந்தைக் கலந்து பயிரை இழந்தவர் பலர்.

இங்கே ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்லவேண்டும். களையெடுக்கும் பெண்கள் மாலையில் வீடு திரும்பும்போது மடியில் கீரையோடு திரும்புவது நம் ஊர் வழக்கம். தொய்யக்கீரையும் சாரணையும் பருப்புக்கீரையும் விவசாயிக்குக் களை. அவர்களுக்கு அன்றிரவுக் குழம்பு. களைக்கொல்லி தெளித்த பாத்தியில் சாகாமல் தப்பி நிற்கும் கீரையும், பூச்சிமருந்து பட்ட பயிரின் இடையே நிற்கும் கீரையும் பார்வைக்குப் பசுமையாகவே இருக்கும். அதில் மருந்து ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. நிலத்துக்காரர் மருந்து தெளித்த நாளை வேலைக்கு வருபவரிடம் வாய்திறந்து சொல்வது கடமை. "இந்தக் காட்டுக் கீரை வேண்டாம் அம்மா, ஆட்டுக்கும் போட வேண்டாம்" என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். வெங்காயத்தாளைக் கறிக்குப் பறிப்பவர்க்கும் இதுவே விதி.

உண்போர்க்குத் தீங்கு நேராமல்

1958-ஆம் ஆண்டில் கேரளத்தில் கோதுமை மாவை உண்ட மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மாவில் பராத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது. எவரும் வேண்டுமென்று கலக்கவில்லை. உணவுப் பண்டமும் நஞ்சும் ஒரே கப்பலில் அருகருகே ஏற்றப்பட்டதால் ஒழுகிக் கலந்தது. நம் தமிழகத்திலும் அப்போது சிலர் பாதிக்கப்பட்டனர். அத்துயரத்தின் பின் நடந்த விசாரணையின் விளைவாகவே 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. இன்று புட்டியின் மேல் நாம் காணும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் அச்சட்டத்தின் விதிகளால் வந்தவை. சிவப்பு மிகக் கொடியது. பச்சை ஒப்புநோக்கக் குறைந்தது. பச்சை என்றால் தீங்கற்றது என்று பொருளன்று.

கப்பலில் நடந்தது வீட்டுப் பரணிலும் நடக்கலாம். விதை வெங்காயம் ஒரு மூலையிலும் மருந்துப் புட்டி அதே மூலையிலும் இருக்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். மருந்தைப் பூட்டிய பெட்டியில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், உணவுப் பண்டத்தை விட்டு விலக்கி வைக்கவேண்டும். பூஞ்சாண மருந்தில் நேர்த்தி செய்து நட்டது போக மீந்த விதை வெங்காயம், 'வீணாகப் போகிறதே' என்று குழம்புக்குப் போய்விடலாகாது. 600 கிலோவில் மீந்த 5 கிலோவைப் புதைத்துவிடுவதால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள்.

மோனோகுரோட்டபாஸ் என்னும் பூச்சிமருந்தைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை விதிக்கப்பட்டது. வெங்காயமும் காய்கறியே. ஒவ்வொரு மருந்துக்கும் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே இத்தனை நாள் என்று காத்திருப்புக் காலம் லேபிளில் உண்டு. விலை ஏறிவிட்டதென்று நேற்றுத் தெளித்த தோட்டத்தை இன்று பிடுங்குவதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி நேரும் பிழை. 70 நாள் பயிரில் 60-ஆம் நாளுக்கு மேல் வரும் இலைப்பேன் விளைச்சலைப் பெரிதாகக் குறைத்துவிடாது; அதைப் பொறுத்துக்கொள்வதே இலாபம்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின்கீழ், உணவில் எஞ்சியிருக்கக்கூடிய நஞ்சின் உச்ச அளவு ஒவ்வொரு மருந்துக்கும் வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு பயிருக்கு வரையறை சொல்லப்படாத மருந்தானால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே எல்லை. இது எவ்வளவு சிறியது என்றால், 100 டன் வெங்காயத்தில் ஒரே ஒரு கிராம்! வெங்காயத்துக்குப் பதிவு பெறாத மருந்தைச் 'சிறிதளவே' தெளித்தேன் என்பது ஆய்வுக்கூடத்தின் முன் செல்லாது. சின்ன வெங்காயம் மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, வளைகுடா நாடுகள் எனத் தமிழர் வாழும் இடங்களுக்கெல்லாம் கப்பலேறுகிறது. திருப்பி அனுப்பப்பட்ட ஒரு சரக்கின் நட்டம் ஏற்றுமதியாளரோடு நிற்பதில்லை. அடுத்த வாரச் சந்தை விலையில் நம் தலைமேலும் விழுகிறது.

அறுவடைக்கு 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்தவேண்டும். பிடுங்கியதை நிழலில் 3, 4 நாள் உலர்த்தி, 2 சென்டிமீட்டர் கழுத்து விட்டுத் தாளை அறுக்கவேண்டும். நன்கு உலர்ந்த காய்க்குப் பட்டறையில் மருந்தே வேண்டாம். தரையிலிருந்து உயர்த்தி, பக்கங்களில் காற்று ஓடும்படி தட்டி கட்டி, மேலே ஓலை வேய்ந்தால் போதும். காயின் தோலில் கரும்பொடி படர்ந்தால் அது பூஞ்சாணம். அத்தகைய காயைப் பொறுக்கி விலக்கவேண்டும். நல்லதோடு கலந்து விற்றால் முழுச் சிப்பமும் கெடும்.

சாக்குகளைப் பற்றி இம்மாவட்டத்தார்க்குத் தனியாகச் சொல்லவேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று எந்தப் பழஞ்சாக்கையும் வாங்கி வெங்காயம் நிரப்பலாகாது. பட்டாசுக்கு வேண்டிய இரசாயனங்கள் வந்த சாக்குகளையும், எரு, மருந்து வந்த சாக்குகளையும் எவ்வளவு உதறினாலும் துவைத்தாலும் உணவுக்கு ஆகா. பட்டாசுக்குப் பயன்பட்டுவந்த பேரியம் நைட்ரேட் கொடிய நஞ்சு. பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்ப்பதை உச்சநீதிமன்றம் 2018-இல் தடை செய்தது. வெடியுப்பாகிய பொட்டாசியம் நைட்ரேட் பயிருக்கும் உணவு என்பது உண்மைதான். ஆனால் எருக்கடையில் பைமேல் தரம் அச்சிட்டு விற்பது வேறு, தொழிற்சாலையில் கூட்டி அள்ளியது வேறு. இரண்டாவதை எவர் இலவசமாகக் கொடுத்தாலும் நிலத்தில் சேர்க்கவேண்டாம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கன

தெளிப்பானையும் காலிப் புட்டியையும் ஊருணியிலோ கண்மாயிலோ கழுவுவதைத் தடுப்பது பஞ்சாயத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதே. கழுவிய நீரை மும்முறையும் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கே தெளித்துவிட்டு, புட்டியில் ஓட்டை போட்டு, ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பூட்டிய கொட்டகையில் சேர்க்க ஏற்பாடு செய்யலாம். ஓட்டை போடாத புட்டி தண்ணீர்ப் புட்டியாகவோ மண்ணெண்ணெய்ப் புட்டியாகவோ மறுபிறவி எடுத்துவிடுகிறது.

மிகுதியாக இட்ட யூரியாவின் ஒரு பகுதி நீரில் கரைந்து நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்குகிறது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மிஞ்சினால், அந்நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றை ஏந்தும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே பஞ்சாயத்தின் குடிநீர்க் குழாய்க் கிணறு இருக்குமானால், மழைக்காலம் கழிந்ததும் அந்நீரைச் சோதனைக்கு அனுப்பி, முடிவைக் கிராம சபையில் படிக்கவேண்டும்.

களைக்கு ஆள் இல்லாக் குறைக்கும் பஞ்சாயத்தால் ஓரளவு வழி காணமுடியும். ஒரே கிணற்றடியில் எல்லாரும் ஒரே வாரத்தில் நட்டால் எல்லார்க்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டும். நான்கைந்து தோட்டத்தார் கூடிப் பேசி 10 நாள் இடைவெளியில் நட்டு, மாற்றாட்களாக ஒருவர் காட்டுக்கு ஒருவர் சென்று களையெடுப்பது நம் முன்னோர் கண்ட முறை. தெளிப்பு நாளையும் அக்குழுவிலேயே முடிவு செய்து, ஊர்ப் பலகையில் எழுதிவைத்தால் ஆடு மேய்ப்பவரும், கீரை பறிப்பவரும், தேன்பெட்டி வைத்திருப்பவரும் அறிந்துகொள்வார்கள். இவ்வாறு பலகை வைக்க விரும்பும் பஞ்சாயத்துகள், வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடமிருந்து வெங்காயத்துக்குப் பதிவு பெற்ற மருந்துகளின் பெயர்களையும் அவற்றின் காத்திருப்பு நாட்களையும் கேட்டுப் பெற்று அதே பலகையில் ஒட்டிவைக்கலாம்.